சுருட்டுக் கிழவியின் புகை

ஹெலிகோலாந்து, 1914 அக்டோபர் 20

அன்புள்ள டெல்சே அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஃபிளென்ஸ்பெர்கிலிருந்து மற்றவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. டார்ப்பிடோ பட்டறையில் பத்திரமாக இருப்பேன் என்று உன்னிடம் சத்தியம் செய்துவிட்டு, நானாகப் பெயர் கொடுத்து நீர்மூழ்கியில் ஏறிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை அக்கா. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

எங்கள் படகு போருக்கு முன்பே கட்டியது. புதிய படகுகள் டீசலில் ஓடுகின்றன. எங்களுடையது மண்ணெண்ணெய் குடிக்கிறது. நீருக்கு மேலே ஓடும்போது தளத்தில் ஒரு புகைக்குழாயை நிமிர்த்தி வைக்க வேண்டும். அதிலிருந்து வரும் வெள்ளைப் புகை பல மைல் தூரத்துக்குத் தெரியும். மூழ்குவதற்கு முன் அந்தக் குழாயை மடக்கிவிட்டு உள்ளே ஓடிவந்து படகின் மூடியைச் சாத்த வேண்டும். ஒளிந்து வேட்டையாடப் படைத்த படகு, ஊரெல்லாம் பார்க்கும்படி புகைவிட்டுக்கொண்டு போகிறது! அதனால் நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுருட்டுக் கிழவி. எண்ணெயை அளந்து விட்டுப் புகையை அடக்குவது என் வேலை. "அஸ்மஸ் நின்னா கிழவி கொஞ்சம் மரியாதையா நடந்துக்கிறா" என்று கேப்டனே சொன்னார்.

இரண்டு பேருக்கு ஒரு படுக்கை. நான் எழுந்தால் ஹின்னெர்க் படுப்பான். காப்பெல்ன் ஊர்க்காரன், தளத்தில் வேலை, அந்தப் புகைக்குழாய் அவன் பொறுப்பு. "டேய், படுக்கும்போது உன் காலைக் கழட்டி வெளியில வச்சிட்டுப் படுடா. மண்ணெண்ணெய் நாத்தமே தோத்துப் போகுது" என்பான். அவன் இருப்பதால்தான் இந்த இரும்புக் குடலுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

திட்டியாவது எழுது.

அஸ்மஸ்


ஃபிளென்ஸ்பெர்க், 1914 நவம்பர் 2

அஸ்மஸ்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. திட்டச் சொன்னாயே, திட்டுகிறேன்.

அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. உன்னை வளர்த்தது கடலடியில் கொண்டுபோய் வைப்பதற்கா? கால் நிற்கவில்லையாம். நிற்காத கால் உனக்கு மட்டுமா இருக்கிறது? எனக்கும்தான். இந்த மாடிப்படியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தபால்காரருக்காக இறங்கி ஏறுகிறேன் என்று கீழ்வீட்டு யோக்கிம்சன் அம்மாளைக் கேள். அவள் எண்ணி வைத்திருப்பாள். எண்ணுவதோடு நிற்பதில்லை. நேற்று வழிமறித்துச் சொன்னாள்: "உன் புருஷன் இங்கிலீஷ்காரனுக்கு வெண்ணெய் கொண்டுபோய்க் குடுக்கிறான். எம்மவன் பதுங்குகுழியில காஞ்ச ரொட்டி திங்கிறான். நல்லா இருக்கு நியாயம்!"

உன் அத்தான் யெப்பே நம்மைப் போல ஜெர்மன்காரர் இல்லை, டேனிஷ்காரர். டென்மார்க் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அவருடைய இங்கெர் மரீ கப்பல் போருக்கு முன் எதைச் சுமந்ததோ அதையேதான் இப்போதும் சுமக்கிறது. எஸ்பியர் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்கு வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி. இதையெல்லாம் அவளுக்குப் படியில் நின்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. "உங்க மவனுக்கும் அனுப்பச் சொல்றேன், விலாசம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே கடலில் யெப்பே மேலே போகிறார், நீ கீழே போகிறாய். நான் யாருக்காக ஜெபிப்பது? அதை மட்டும் சொல்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன். ஒன்று அந்த ஹின்னெர்குக்கு. உன் கால் நாற்றத்தைச் சகித்ததற்கு.

டெல்சே


எம்டன், 1915 பிப்ரவரி 9

அக்கா,

பத்திரிகையில் பார்த்திருப்பாய். பதினெட்டாம் தேதியிலிருந்து இங்கிலாந்தைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் போர்க்களம். அங்கே யார் என்ன கொடி பிடித்திருக்கிறார்கள் என்று நின்று பார்க்க நேரம் இருக்காது. இங்கிலீஷ் கப்பல்களே அடுத்தவர் கொடியை ஏற்றிக்கொண்டு போகின்றன.

அத்தானைக் கப்பலை விட்டு இறங்கச் சொல். இன்றைக்கே சொல். தரையில் எவ்வளவோ வேலை இருக்கிறது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, எழுதினாலும் கறுப்பு மை பூசித்தான் உனக்கு வரும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள். எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் இருந்த இரண்டு படகுகள் திரும்பி வரவில்லை. அத்தான் கொண்டுபோகும் இறைச்சியைத் தின்றுவிட்டுத்தான் இங்கிலீஷ்காரர்கள் எங்களைச் சுடுகிறார்கள். யோக்கிம்சன் அம்மாள் சொன்னதில் பாதி உண்மைதான்.

அஸ்மஸ்


ஃபிளென்ஸ்பெர்க், 1915 பிப்ரவரி 16

அஸ்மஸ்,

உன் கடிதத்தை யெப்பேயிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரியைப் படிக்கவில்லை. ஆனால் நான் நிறுத்திய இடத்தைப் பார்த்து, "மீதியையும் படி" என்றார். படித்தேன். புகையிலைக் குழாயை மேசையில் தட்டினார். பிறகு சொன்னார்: "நான் யாரையும் அடிக்கல. யார்கிட்டயும் திருடல. நான் எதுக்கு ஓடி ஒளியணும்? வேணும்னா கண்ணு தெரியாதவனுக்கும் தெரியற மாதிரி எழுதி வைக்கிறேன்." சொன்னபடியே எஸ்பியருக்குப் போய், பலகையில் தொங்கிக்கொண்டு, கப்பலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு 'டென்மார்க்' என்று வெள்ளையில் எழுதிவிட்டு வந்திருக்கிறார். அவர்களுடைய கம்பெனிக் கப்பல்கள் எல்லாவற்றிலும் அப்படி எழுதப்போகிறார்களாம்.

உன் கேப்டனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமா என்று கேட்டு வை.

டிராமில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும். அங்கேயும் ஒருத்தி என் கையிலிருந்து டிக்கெட் வாங்க மாட்டேன் என்றாள். "அப்ப நடந்து போங்க" என்று மணியை அடித்து இறக்கிவிட்டேன். அவள் சொன்னதை என்னால் தாங்க முடிகிறது. நீ சொன்னதைத் தாங்க முடியவில்லை. யெப்பேயின் மடியில் உட்கார்ந்து கயிறு முடியக் கற்றுக்கொண்டவன் நீ.

இனி எனக்கு எழுதாதே.

டெல்சே


எம்டன், 1915 மார்ச் 21

அக்கா,

நான்கு கடிதம் எழுதிவிட்டேன். மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அதை விட்டுவிடு. ஒரே ஒரு வரி எழுது: அத்தான் கப்பலில் இருக்கிறாரா, இறங்கிவிட்டாரா? 'இருக்கிறார்', இல்லை 'இறங்கிவிட்டார்'. ஒரு சொல் போதும். கையெழுத்துக்கூட வேண்டாம்.

தூங்க முடியவில்லை. ஹின்னெர்க் தன் முறையை எனக்கு விட்டுக்கொடுக்கிறான். அப்படியும் முடியவில்லை. நாளை புறப்படுகிறோம்.

அஸ்மஸ்


எம்டன், 1915 ஏப்ரல் 19
(இதைத் தபாலில் போடவில்லை. விடுப்பில் வரும் ட்யார்க் என்ற நண்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் எரித்துவிடு.)

அக்கா,

நடந்ததை அப்படியே சொல்கிறேன். போன புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நீருக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தோம். நான் எஞ்சினில் நின்றேன். மேலேயிருந்து குரல் வந்தது: "கப்பல்! டேனிஷ் கொடி. கறுப்புப் புகைபோக்கி, நடுவுல வெள்ளைப் பட்டை."

இங்கெர் மரீயின் புகைபோக்கியும் அப்படித்தான். தண்ணீர் குடிக்க இறங்கிவந்த ஹின்னெர்கைப் பிடித்து உலுக்கினேன்.

"பேரு தெரியுதாடா?"

"ரொம்ப தூரம்டா. பக்கத்துல டென்மார்க்னு பெருசா எழுதியிருக்கான். பெயிண்ட் புத்தம் புதுசா மின்னுது. ஏன், பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கியா அதுல?"

கேப்டன் மேலிருந்து பேச்சுக்குழாய் வழியாகச் சொன்னார்: "போன வாரம் இதே கொடிய போட்டுக்கிட்டு வந்தவன்தான் நம்ம மேல சுட்டான். நிறுத்தி விசாரிக்கிறதெல்லாம் இல்ல. சுத்திப் போய் அவனுக்கு முன்னால முங்கி நிப்போம். அஸ்மஸ், ஒரு பொட்டு புகை வரக் கூடாது. கேக்குதா?"

"சரிங்க கேப்டன்" என்றேன். சொல்லிவிட்டு எண்ணெய் வால்வை ஒன்றரைச் சுற்றுத் திறந்துவிட்டேன்.

யோசித்துச் செய்தேனா? தெரியவில்லை. கை செய்தது. எஞ்சின் இருமியது, மேலே எல்லோரும் கத்தினார்கள். வைக்கோல்போர் எரிவது போல வெள்ளைப் புகை எழுந்து நின்றதாம். "என்னடா பண்ற கீழ?" என்று கேப்டன் அலறினார். "வால்வு சிக்கிக்கிச்சு" என்று நானும் அலறினேன். அடைக்க முயல்வது போல் நடித்தேன். அந்தக் கப்பல் திசை திரும்பியது என்று மட்டும் காதில் விழுந்தது. அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் புகையை இங்கிலீஷ்காரர்களும் பார்த்துவிட்டார்கள். பீரங்கி வைத்த காவல் படகுகள் இரண்டு மேற்கிலிருந்து வந்தன. "முங்கு!" என்றார் கேப்டன். ஹின்னெர்க் குழாயை மடக்க ஓடினான். நான் விட்ட அதிகப்படி எண்ணெயால் குழாய் சிவக்கக் காய்ந்து, மூட்டில் கரி அடைத்து இறுகியிருந்தது. அது மடங்கினால்தான் அதன் வாய் மூடும், மூடாமல் இறங்கினால் கடல் உள்ளே வந்துவிடும். அவன் சுத்தியலால் அடிக்கும் சத்தம் என் தலைக்கு நேர் மேலே கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று... எத்தனை அடி என்று இப்போதும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். குழாய் மடங்கியது. அதே நேரம் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து அலை தளத்தின் மேல் புரண்டது. கேப்டன் பார்த்தபோது அவன் தண்ணீரில் இருபது மீட்டர் தள்ளிக் கிடந்தானாம். கையைத் தூக்கினானாம். கேப்டன் மூடியைச் சாத்திவிட்டார். உள்ளே இருபத்தேழு பேர் இருந்தோம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. "கிழவி கொன்னுட்டா அவனை" என்கிறார்கள். படுக்கை இப்போது எனக்கு மட்டும். அதில் என்னால் படுக்க முடியவில்லை. எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கிறேன்.

அது இங்கெர் மரீதானே? அத்தான் பத்திரமாக வந்துவிட்டாரா? ஆம் என்று மட்டும் எழுது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நான் நடமாட முடியும்.

அஸ்மஸ்


ஃபிளென்ஸ்பெர்க், 1915 ஏப்ரல் 23
(ட்யார்க் கையில்)

தம்பி,

இல்லை. அது இங்கெர் மரீ இல்லை.

யெப்பே மார்ச் முதல் தேதியே கப்பலை விட்டு இறங்கிவிட்டார். நான் அழுத அழுகையில் இறங்கினார். கடல்கழிக் கரையில் ஒரு செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். தரையில் விட்ட வாத்து மாதிரி நடக்கிறார். இறங்கிவிட்டார் என்று உனக்கு ஒரு சொல் எழுத எனக்கு என்ன கேடு? எழுதினேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறை கிழித்தேன். 'அவன் சொன்னதற்கு இன்னும் கொஞ்ச நாள் தவிக்கட்டும்' என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், இதே சொற்களில். நீ தவிக்க வேண்டும் என்றுதான் விரும்பினேன். இன்னொருத்தியின் பிள்ளை போவான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வால்வைத் திறந்தது உன் கை. அதில் பாதி என் கை. இதை நீ மறுத்து எழுத வேண்டாம், எனக்கு ஆறுதல் வேண்டாம்.

உன் கடிதத்தை யெப்பேயிடம் படித்துக் காட்டினேன். செங்கல் தூசியோடு நின்றபடியே கேட்டார். "அந்தக் கப்பல்ல எவன் இருந்தானோ, அவனும் ஒருத்தி புருஷன்தானே" என்றார். முகம்கூடக் கழுவாமல் வெளியே போய் நடந்துகொண்டே இருந்தார்.

இதை யாரிடமும் சொல்லாதே. கேப்டனிடமும் சொல்லாதே, பாதிரியாரிடமும் சொல்லாதே. சுட்டுவிடுவார்கள். உன் கடிதத்தை அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிட்டேன்.

சாப்பிடு. படு. அவன் படுக்கை என்று பார்க்காதே. படு.

டெல்சே


கீல், 1915 மே 18
(ட்யார்க்கின் தங்கை கொண்டுவருவாள்)

அக்கா,

கிழவிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இனி போருக்குப் போகாது. கீல் துறைமுகத்தில் புதியவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் படகு. கேப்டனுக்கு டீசல் படகு கிடைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகிறார், என்னைத் தவிர.

புறப்படும் முன் என்னைக் கூப்பிட்டார். தளத்தில் அந்தப் புகைக்குழாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு வால்வு எத்தனை சுத்து திறந்திருந்துச்சு?"

"பழுதுங்க கேப்டன்."

"நான் அதைக் கேக்கல." அவர் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்தார். "பழுதுன்னு பதிவேட்டுல எழுதிட்டேன். எழுதினத நான் மாத்தறதில்ல. மூடியைச் சாத்தினவன் நான், அதையும் அதுலயே எழுதியிருக்கேன். ஆனா உன்னை வச்சுக்கிட்டு என்னால முங்க முடியாது. போ."

நான் இப்போது பதினெட்டு வயசுப் பையன்களுக்கு, புகை வராமல் எண்ணெய் விடுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறேன்.

சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காப்பெல்னுக்குப் போனேன், ஹின்னெர்கின் அம்மாவிடம். நெத்திலி மீனைப் புகைபோட்டுப் பதப்படுத்தும் கூடத்தில் வேலை பார்க்கிறார். 'காணவில்லை' என்று மட்டும்தான் அவருக்குக் காகிதம் வந்திருந்தது. கதவைத் திறந்ததும் சீருடையைப் பார்த்து, "கிடைச்சிட்டானா?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வாசற்படியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயர் சொல்லவில்லை. அத்தான் அந்தக் கப்பலில் இருந்ததாக நினைத்தேன் என்று சொன்னேன், அவர் இல்லை என்பதையும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அந்தக் கப்பல்ல எத்தனை பேரு இருந்தாங்க?"

"தெரியாதுங்கம்மா."

"பேரு?"

"கப்பல் பேரே தெரியாதுங்கம்மா."

"எத்தனை பேருக்குன்னுகூடத் தெரியாம எம்புள்ளைய குடுத்துட்டு வந்திருக்க." குரல் உயரவே இல்லை அக்கா. "போ. எத்தனை பேருன்னு எண்ணிக்கிட்டு வா. உசுரோட இருக்காங்களான்னு பாத்துட்டு வா. அது தெரியாம என் முகத்துல முழிக்காதே."

கதவைச் சாத்திவிட்டார்.

என்னால் எல்லை தாண்ட முடியாது. அத்தானால் முடியும். கேட்க எனக்கு வாய் இல்லை. நீ கேள்.

அஸ்மஸ்


ஃபிளென்ஸ்பெர்க், 1915 ஜூன் 29
(யெப்பே கையில்)

தம்பி,

யெப்பே எஸ்பியரில் மூன்று நாள் அலைந்தார். துறைமுகத்தில் ஏறி இறங்காத கப்பல் இல்லை. கடைசியில் கிடைத்தது. கப்பல் பெயர் சிக்ரிட். இங்கெர் மரீயின் கம்பெனிதான். பதினேழு பேர். பதினேழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

நீ நினைத்தது போல அவர்கள் அந்தப் புகையைப் பார்த்து ஓடவில்லை அஸ்மஸ். ஏதோ கப்பல் தீப்பிடித்து எரிகிறது என்று நினைத்து, உதவி செய்யப் புகையை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். உயிர்காப்புப் படகை இறக்கத் தயாராகத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். குண்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் என்னவென்று புரிந்திருக்கிறது. அப்போதும் விலகிப் போகவில்லை. தண்ணீரில் ஒரு தலை தெரிந்ததாம். படகை இறக்கித் தூக்கியிருக்கிறார்கள். அவர்கள் கையில் அரை மணி நேரம் மூச்சு இருந்திருக்கிறது. சமையல்காரர் தன் சட்டைக்குள் அணைத்து வைத்துச் சூடேற்றிப் பார்த்திருக்கிறார். பிழைக்கவில்லை. எஸ்பியருக்கே கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருக்கிறார்கள். சட்டைக் கழுத்தில் 'ஹி. ஃபோஸ்' என்று தைத்திருந்ததைப் பார்த்துச் சிலுவையில் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மன் தூதரகத்துக்குக் கொடுத்த காகிதம் எந்த மேசையிலோ கிடக்கிறது.

காப்பெல்னுக்கு நானே போனேன். என் பெயரைச் சொன்னேன், கிழித்த கடிதங்களையும் எஸ்பியர் கல்லறையையும் சொன்னேன். ஃபோஸ் அம்மா, "அங்க போகணும்" என்று மட்டும் சொன்னார். அனுமதிச் சீட்டுக்கு மூன்று வாரம் அலைந்தோம். ரயிலில் அவர் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை. எல்லை தாண்டும்வரை நின்றுகொண்டே வந்தார்.

சிக்ரிட் துறைமுகத்தில்தான் நின்றது. ஒன்பது பேர் வந்தார்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. ஃபோஸ் அம்மா சிலுவை முன்னால் கொஞ்ச நேரம்தான் நின்றார். பிறகு திரும்பி, ஒவ்வொருவர் முன்னாலும் போய்ப் பெயர் கேட்டார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். யெப்பே நடுவில் நின்று மொழி மாற்றினார். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவன் போன மாதம்தான் கல்யாணம் செய்திருக்கிறான், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். சமையல்காரர் மட்டும் பதில் சொல்ல முடியாமல் அழுதார். அவர் முதுகை ஃபோஸ் அம்மாதான் தட்டிக்கொடுத்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம் சொன்னார்:

"அதுல ஒருத்தனையாவது வெறுத்துட்டு வரலாம்னுதான் போனேன். ஒருத்தன்கூட அதுக்கு ஆகலியே."

ரிபே ஸ்டேஷன் தாண்டியது. நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன், அவரே மறுபடி சொன்னார்:

"இப்ப உன் தம்பி ஒருத்தன்தான் மிச்சம். அவனை வரச்சொல்லு. எத்தனை பேருன்னு அவன் வாயால எனக்குச் சொல்லணும்."

அது என்ன குரல் என்று எனக்குத் தெரியவில்லை அஸ்மஸ். மன்னிப்பா, தண்டனையா, நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் இருக்கிறது. பதினேழு பெயரும் யெப்பே எழுதியிருக்கிறார். உச்சரிப்பு கஷ்டமாக இருக்கும், அவரிடமே கேட்டுச் சரியாகச் சொல்லிப் பழகிக்கொள்.

லீவு கேள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ரயிலுக்குக் காப்பெல்ன் ஸ்டேஷனில் நான் நிற்பேன். உன் கூட வாசல்வரை வருவேன். கதவை நீதான் தட்ட வேண்டும்.

அக்கா